திண்ணைக்கு எந்தச் சன்னல்?

நம் முன்னோர் கட்டிய வீடுகளில் தெருவை நோக்கிய திண்ணை இருந்தது. வீட்டாருக்கு மட்டுமன்றி வழிப்போக்கருக்கும் உரிய இடம் அது. பின்னர் திருட்டுக்கு அஞ்சிக் கம்பி அடித்தோம். கொசுவுக்கு அஞ்சி வலை கட்டினோம். இப்பொழுது சாரலுக்கும் தூசிக்கும் அஞ்சிக் கண்ணாடிச் சன்னல் வைத்து முழுவதும் அடைக்க விரும்புகிறோம். இதில் குற்றம் காண்பதற்கில்லை. டெங்கு பரப்பும் கொசு பகலிலேயே கடிக்கிறது. மழைக்காலத்து ஈரம் முதியோரை வருத்துகிறது. ஆயினும், எந்தச் சன்னல் என்பது சிந்தித்துத் தெரிய வேண்டிய ஒன்று.

கடற்கரைப் பங்கு ஒன்றில் நான் பணிபுரிந்தபோது, குடும்பத் தலைவர் ஒருவர் வலையடித்த தம் திண்ணையைக் காட்டி ஆலோசனை கேட்டார். வெளிநாட்டில் உழைக்கும் மகன் பணம் அனுப்பியிருந்தான். கடைக்காரர் படம் வரைந்து விலையும் எழுதிக் கொடுத்திருந்தார். எண்பது வயதைக் கடந்த அவருடைய தாயார் திண்ணை நாற்காலியில் அமர்ந்து எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் சட்டத்தைப் பற்றிப் பேசினோம். உப்புக் காற்று வீசும் ஊரில் எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும் இரும்பு துருவேறும். மரம் அழகியது, ஆனால் மழையில் உப்பி இறுகும், கரையானுக்கும் இரையாகும். பூச்சுள்ள அலுமினியமும் யு.பி.வி.சி. சட்டமும் கடற்கரைக்கு ஏற்றவை. ஆனால் கீலும் திருகாணியும் சாதாரண இரும்பாயின் சட்டம் நன்றாயிருந்தும் பயனில்லை. அவை துருப்பிடிக்காத எஃகாக இருத்தல் வேண்டும்.

அடுத்தது திறப்பு. இரண்டு கதவுள்ள ஸ்லைடிங் சன்னல் எவ்வளவு அகலமாயினும் பாதிதான் திறக்கும். கீலில் ஆடும் சன்னல் முழுவதும் திறக்கும். காற்றில் அடித்துக்கொள்ளாதபடி கொக்கி மட்டும் வேண்டும். கொசு வலை காற்றிலும் ஒரு பங்கைத் தடுப்பதால், கழற்றிக் கழுவத் தக்கதாய் இருப்பது நலம். ஒரே பக்கம் திறப்பு வைத்தால் காற்று ஓடாது. எதிரெதிரே இரண்டு வேண்டும். மேற்கு வெயில் படும் பக்கம் கண்ணாடியை மிகுத்தால் திண்ணை அடுப்பாகிவிடும்.

எல்லாம் பேசி முடித்தபின் அந்தத் தாயார், "சாமி, உட்கார்ந்தா எனக்குத் தெரு தெரியுமா?" என்று கேட்டார்.

படத்தைப் பார்த்தோம். சன்னல் நான்கடி உயரத்தில் தொடங்கியது. கண்ணாடியோ, பகலில் வெளியே நிற்பவர் தம் முகத்தை மட்டுமே காணக்கூடிய கருங்கண்ணாடி.

"போறவங்க வர்றவங்களைப் பார்த்துத்தான் நான் செபமாலை சொல்றேன். ஆளுக்கு ஒரு மணி" என்றார் அவர்.

முழங்கால் தளர்ந்து கோவிலுக்கு வர இயலாத அவருக்கு அத்திண்ணையே கோவில் என்பது அன்று விளங்கியது. பள்ளிப் பிள்ளைகளும், மீன்கூடை சுமந்த பெண்களும், வேலை தேடி அலையும் இளைஞரும் தங்களை அறியாமலே அவருடைய செபத்தில் இடம்பெற்றிருந்தனர்.

மகனார் தயங்கினார். "தெளிந்த கண்ணாடி வைத்தால் திருடன் உள்ளே பார்ப்பானே, சாமி?" என்றார். அவ்வச்சமும் நியாயமானதே. ஆதலின் உட்புறம் கம்பியும், இரவுக்குத் திரையும் வைப்பதென்றும், சன்னலை இரண்டரை அடிக்கு இறக்கித் தெளிந்த கண்ணாடி போடுவதென்றும் முடிவாயிற்று. தாழ்வாக வரும் கண்ணாடி, உடைந்தால் கூரிய துண்டுகளாகாமல் மழுங்கிய சிறு பரல்களாய் உதிரும் வகையாய் இருக்கட்டும் என்றும் சொன்னேன். அவ்வீட்டில் பேரப்பிள்ளைகளும் உண்டு.

ஆபிரகாம் வெயில் வேளையில் கூடார வாயிலில் அமர்ந்திருந்ததால்தான் தம்மிடம் வந்த மூவரைக் கண்டு எதிர்கொண்டு ஓட முடிந்தது. லூக்கா நற்செய்தியில் வரும் செல்வன் இலாசரை அடித்தான் என்றோ விரட்டினான் என்றோ நாம் வாசிப்பதில்லை. வாயிலில் கிடந்தவரைக் கண்டுகொள்ளாது உண்டு களித்தான். அதுவே அவனுக்குக் கேடாயிற்று.

எனவே அன்பர்களே, திண்ணையை அடைக்க எண்ணுவோர், ஆசாரியை அழைக்குமுன் வீட்டில் மிக முதியவரின் நாற்காலியில் ஒருமுறை அமர்ந்து பாருங்கள். அங்கிருந்து அயலாரின் முகம் தெரிய வேண்டும். அயலாருக்கு உங்கள் முகமும் தெரிய வேண்டும். மழையைத் தடுக்கட்டும், கொசுவைத் தடுக்கட்டும். மனிதரைத் தடுக்காத சன்னலே கிறிஸ்தவ இல்லத்துக்கு ஏற்ற சன்னல்.