ஐம்பத்து நான்கு மூச்சு

குழந்தைக்குப் பத்து மாதம். சட்டையை விலக்கித் தாயின் மடியில் கிடத்தியிருந்தார்கள். எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்த பெண், கையில் சின்னக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அதன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சை எண்ணுகிறார். பாதியில் குழந்தை இருமி அழுதது. அது அடங்கும்வரை பொறுத்திருந்து, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். முழுசாக ஒரு நிமிடம். அறையில் யாரும் பேசவில்லை, கூரைத் தகரத்தில் மழைச் சத்தம் மட்டும். ஐம்பத்து நான்கு.

அந்த வயதுக் குழந்தை இருமலோடு நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினால் நிமோனியா என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு வயது தாண்டிவிட்டால் 40. நெஞ்சுக்கூட்டின் அடிப்பகுதி உள்ளே இழுக்கிறதா, பால் குடிக்கிறதா என்றும் பார்த்தார். ஆபத்தான அறிகுறி ஏதாவது இருந்திருந்தால் அப்போதே சுகாதார நிலையத்துக்கு அனுப்பியிருப்பார். அப்படி எதுவும் இல்லை. மரப்பெட்டியைத் திறந்து அமாக்சிசிலின் மாத்திரையை எடுத்து, கரண்டித் தண்ணீரில் கரைத்து, முதல் வேளை மருந்தைத் தன் கண்முன்னாலேயே ஊட்டச் சொன்னார். பிறகு நோட்டில் எழுதிக்கொண்டார். பள்ளிப் படிப்பு ஆரம்பப் பள்ளியோடு நின்றுபோனவர். உருளைக்கிழங்கும் பீன்ஸும் பயிரிட்டுப் பிழைப்பவர்.

ருவாண்டாவின் வடக்கு ஓரம், புரேரா மாவட்டம். 2019 நவம்பரில் போயிருந்தேன். கிகாலியிலிருந்து முசான்சே வரை பஸ், அதற்கப்புறம் மோட்டார் சைக்கிள் டாக்ஸி, கடைசியில் யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே ஏற்றத்தில் நடை. படிப்படியாக வெட்டிய மலைச்சரிவுகள், எரிமலைக் கருமண். நடக்கும்போது இந்த வழியில் ஒரு பிரசவ வலிக்காரியை எப்படி இறக்குவார்கள் என்று நினைத்துக்கொண்டே போனேன். ஊரில் அதற்கு விடை தொங்கிக்கொண்டிருந்தது: 'இங்கோப்யி'. பின்னிய தூக்குப் படுக்கை, நான்கு பேர் தோளில் சுமப்பார்கள். அதற்கென்றே சங்கம் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு பணம் போட்டு, முறை வைத்துத் தூக்குகிறார்கள்.

1994 இனப்படுகொலையில் மருத்துவர்களும் செவிலியர்களும் கொல்லப்பட்டார்கள், தப்பியவர்களில் பலர் நாட்டை விட்டே ஓடினார்கள். மறு ஆண்டே, மூச்சை எண்ணிய அந்தப் பெண்ணைப் போன்ற ஊர்ச் சுகாதாரத் தொண்டர்களை வைத்து அரசு மறுபடி தொடங்கியது. நான் போனபோது ஊருக்கு மூன்று பேர் வீதம் நாடு முழுக்க ஏறத்தாழ 45,000 பேர் இருந்தார்கள். மேலிருந்து நியமிப்பதில்லை, ஊரே கூடித் தேர்ந்தெடுக்கிறது. 'உமுஜ்யானாமா' என்கிறார்கள், ஆலோசனை சொல்பவர் என்று பொருள். புரேராவில் மாவட்ட மருத்துவமனை என்று ஒன்று வந்ததே 2011-ல்தான், புட்டாரோவில். உள்ளூர்க் கொத்தனார்கள் எரிமலைக் கல்லை அடுக்கிக் கட்டிய அழகான கட்டடம். ஆனாலும் ராத்திரி காய்ச்சல் வந்தால் தாய் முதலில் தட்டுவது பக்கத்து வீட்டு உமுஜ்யானாமாவின் கதவைத்தான். 2000-ல் அந்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 196 பேர் ஐந்து வயதுக்குள் இறந்தார்கள். 2014-15 கணக்கெடுப்பில் அது 50. தடுப்பூசி, கொசுவலை, காப்பீடு எல்லாம் சேர்ந்துதான் இந்த மாற்றம். மூச்சை எண்ணிய அந்தப் பெண்ணைப் பார்த்தபின், அதில் அந்த மரப்பெட்டிக்கும் பெரிய பங்குண்டு என்று நம்புகிறேன்.

நாங்கள் ஏழு நண்பர்கள் மாதாமாதம் சேர்த்த பணம் என் கையில் இருந்தது. ஏதாவது ஒரு கருவி வாங்கித் தரலாம் என்றுதான் புறப்பட்டிருந்தேன். சுகாதார நிலையச் செவிலியர், "அவர்களையே கேளுங்கள்" என்று தொண்டர்களின் கூட்டுறவுச் சங்கக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. நன்றாகச் செய்த வேலைக்கு அரசு தரும் தொகையில் பெரும்பங்கு சங்கத்துக்குப் போகிறது. அதை வைத்து ஆடு வளர்க்கிறார்கள், நிலம் குத்தகைக்கு எடுக்கிறார்கள். (உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே இவர்களுக்கு ஊதியம் தரவேண்டும் என்று சொல்லிவிட்டது. தரத்தான் வேண்டும். ஏழைப் பெண்ணின் ராத்திரித் தூக்கத்தை இலவசமாக வாங்கிக்கொள்வது நியாயமில்லை.)

எல்லோருக்கும் 'இகிவுகுட்டோ' வந்தது, நம்ம ஊர் கெட்டி மோர் மாதிரி. ஒரு மணி நேரம் பேசினார்கள். முதலில் கேட்டது ரப்பர் பூட்ஸ், டார்ச், மழைக்கோட்டு. மழைக்காலத்தில் அந்தச் சரிவில் ராத்திரி நடப்பவர்களுக்கு வேறென்ன தோன்றும்?

மிச்சப் பணத்தை என்ன செய்வது என்பதில்தான் வாக்குவாதம். மூலையில் இருந்த ஒரு முதியவர் காப்பீட்டுப் பேச்சை எடுத்தார். 'மியூச்சுவல்' என்னும் மக்கள் காப்பீட்டுக்கு அப்போது பெரும்பாலானோருக்கு ஆளுக்கு வருஷம் 3,000 ஃபிராங்க். பரம ஏழைகளுக்கு அரசே கட்டிவிடும். அதற்கு ஒரு படி மேலே இருப்பவர்கள்தான் திண்டாடுகிறார்கள். எட்டுப் பேர் இருக்கும் வீட்டுக்கு 24,000 ஃபிராங்க், எங்கே போவார்கள்? கட்டாத வீடுகள் எவை என்று அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. பட்டியலை அங்கேயே எழுதினார்கள். நாங்கள் கொண்டுபோன எந்தத் திட்டத்திலும் அந்த வீடுகள் இல்லை.

உதவ நினைப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: பொருளை வாங்குவதற்கு முன் ஊரைக் கேளுங்கள். கொடுப்பது சிறிதானாலும் வருஷா வருஷம் கொடுங்கள். காப்பீட்டு ஆண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. அடுத்த ஜூலையில் அதே வீடுகளுக்கு மறுபடி கட்ட வேண்டும்.