முழங்காலுக்கு இடம்விட்ட பாத்தி

சிங்கப்பூரின் மேற்கே ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் பின்புறம் இருக்கிறது அந்தத் தோட்டம். தேசியப் பூங்காக் கழகம் 2005-இல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தால் இன்று தீவெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட தோட்டங்கள் உள்ளன. நான் பார்த்தவற்றில் பலவும் தரையோடு ஒட்டியவை. குனிய முடிந்தவர்களுக்கே உரியவை. இங்கே பாத்திகள் மேசைபோல எழும்பி நிற்கின்றன.

சக்கர நாற்காலியில் வந்த அக்கா, பாத்திக்கு நேரெதிரே நிறுத்தி, முழங்கால்களை அடியில் நுழைத்துக்கொண்டு கீரை பறித்தார். அடைத்துக் கட்டிய தொட்டியென்றால் நாற்காலியைப் பக்கவாட்டில் நிறுத்தி இடுப்பைத் திருகித்தான் வேலை செய்ய வேண்டும். சற்று நேரத்தில் முதுகு பிடித்துக்கொள்ளும். “உயர்த்திக் கட்டினாப் போதும்னு நினைக்கிறாங்க தம்பி. காலை எங்கே வைக்கிறது?” என்றார்.

பாத்திகளைச் செய்தவர் ஓய்வுபெற்ற சீனத் தச்சர், எல்லாருக்கும் அங்கிள். ஹார்ட்பார்க் பூங்காவில் 2016-இல் திறந்த சிகிச்சை நலத் தோட்டத்தைப் போய் அளந்து பார்த்துவிட்டுத்தான் மரம் அறுத்தாராம். அடியில் 70 செ.மீ. வெற்றிடம், அதன்மேல் மண். மண்ணை ஆழமாகப் போட்டால் விளிம்பு தோளுக்கு ஏறிவிடும். ஆகவே 20 செ.மீ.க்கு மேல் போடுவதில்லை. அதில் தண்டுக்கீரை, காங்கோங், சாய் சிம், வல்லாரை செழிக்கின்றன. கத்தரிக்கும் வெண்டைக்கும் அந்த ஆழம் போதாது. நின்று வேலை செய்பவர்களின் தொட்டியில் அவற்றை வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கமிருந்து மட்டும் கை எட்டும் பாத்தி 60 செ.மீ. அகலம், இரு பக்கமும் ஆள் வரலாமென்றால் இரட்டிப்பு.

ஆழம் குறைந்த மண் சீக்கிரம் காயும். கூடுதலாக ஊற்றினாலோ அடித்தட்டில் தேங்கும். டெங்கி பரவும் ஊரில் அதை விட்டுவைக்க முடியாது. அங்கிள் அடிப்பலகையை லேசாகச் சரித்து, துளைகளின்மேல் வலை விரித்திருக்கிறார். ஈர மண்ணின் கனம் மேசைக்கால்களை வளைத்துவிடும் என்பதால் தேங்காய் நார்த்தூள் கலக்கிறார்கள்.

தொடக்கத்தில் இருந்தது ஒரே ஒரு பாத்தி. சரளைக்கல் பாதையில் சக்கரம் புதைந்தது. கல்லை அகற்றிக் கெட்டித்தரை போட்டு, நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் இடம் விட்டபோது, அடுத்துப் போடவிருந்த பாத்திகளில் சிலவற்றுக்கு இடமில்லாமல் போனது. சிலர் முணுமுணுத்தார்கள். விளைச்சலை விட்டுக்கொடுத்து வழியைத் தேர்ந்த அந்த முடிவைத்தான் தோட்டத்தின் உண்மையான வளர்ச்சி என்பேன். அதன் பிறகே மூன்று முதியவர்கள் ஊன்றுகோலோடு வரத் தொடங்கினார்கள்.

இப்போது குழாய்ப் பிரச்சினை. உருண்டைத் திருகை மூட்டுவலிக் கைகளால் திருப்ப முடியவில்லை. முழங்கையால் தள்ளித் திறக்கும் கைப்பிடி வேண்டும். குழாயையும் கீழே இறக்க வேண்டும். அக்கா உட்கார்ந்தபடியே கையை நீட்டிக் காட்ட, அங்கிள் சுவரில் பென்சிலால் கோடு போட்டார். நகர மன்றத்தின் அனுமதி வந்ததும் வேலை தொடங்கும்.