மூன்று மாதத்துக்கு ஒரு கையெழுத்து

சிறை மருத்துவராக இருந்த காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். இந்தச் சிறையில் மனநோய் உள்ள கைதி எவரும் இல்லை என்பதுதான் அதில் இருக்கும் விஷயம். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 103ஆவது பிரிவு, மருத்துவர் இப்படிச் சான்றளித்து மனநல வாரியத்துக்கு அனுப்பச் சொல்கிறது. எல்லோரையும் பார்த்து, நோய் உள்ளவரைச் சிகிச்சைக்கு அனுப்பிவிட்டு, அதன் பிறகு எழுத வேண்டிய 'இல்லை' அது. நான் யாரையும் பார்க்காமலே எழுதினேன்.

விஷயம் தெரியாமல் செய்யவில்லை. பெங்களூரு பரப்பன அக்ரஹாரா சிறையில் நிம்ஹான்ஸ் மனநல நிறுவன மருத்துவர்கள் 5,024 கைதிகளிடம் நடத்திய ஆய்வைப் படித்திருந்தேன். போதைப் பழக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் 27.6 சதவீதம் பேருக்கு ஏதோவொரு மனநலக் கோளாறு. நாலில் ஒருவருக்கு மேல். அவர்கள் கேட்டார்கள், தெரிந்தது. நான் ஓ.பி. வரிசையில் வந்து நின்றவர்களுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தேன்.

ஒரு விசாரணைக் கைதி இருந்தார். மனு போட்டு அவரைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். தட்டில் சோறு வாங்கி அப்படியே வைத்திருப்பார், உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும். "ரொம்ப சாது சார், ஒரு தொல்லையும் கிடையாது" என்றார் வார்டர். எனக்கும் அது போதுமானதாக இருந்தது. தூக்கம் வருகிறதா, காதில் யாராவது பேசுகிறார்களா என்று இரண்டே கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வரும். வந்தால் எழுத வேண்டும். எழுதினால் மனநல மருத்துவமனைக்கு அனுப்ப போலீஸ் எஸ்கார்ட் கேட்டு அலைய வேண்டும். எஸ்கார்ட் இல்லாமல் வாய்தாவே தள்ளிப்போகிற இடம் அது. அதனால் கேட்கவில்லை. வேலைப்பளு என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன், அது பொய். அலைச்சலுக்குப் பயந்தேன்.

மனநோயால் தன் வழக்கை நடத்த இயலாதவர் என்று தெரிந்தால் விசாரணையை நிறுத்திவைத்துச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்குச் சட்டத்தில் வழி உண்டு. என் ஒரு வரிக் குறிப்பு அதற்குத் தொடக்கமாக இருந்திருக்கும். குறிப்பு போகவில்லை. கோர்ட்டில் என்ன கேட்டாலும் அவர் தலையாட்டினார், குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று பதிவானது என, கூடப் போன காவலர் பிறகு சொன்னார்.

அந்தக் காலாண்டு அறிக்கையிலும் 'இல்லை' என்றுதான் இருக்கிறது. கீழே என் கையெழுத்து.