அத்தையின் விசிறி

எங்கள் வீட்டு ஹாலில் பழுப்பு நிற மின்சார விசிறி ஒன்று தொங்குகிறது. 1984-ஆம் வருஷத்துப் போனஸில் என் மாமனார் வாங்கியது. அவர் காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. விசிறி மட்டும் அலுக்காமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றிக் குறை சொல்ல இந்த வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது.

அதற்கு நேர் கீழே அத்தையின் கட்டில். ரெகுலேட்டரோ எதிர்ச் சுவரில், வாசற்கதவுக்குப் பக்கத்தில். மாம்பலத்துப் புழுக்கத்தில் இரவு பத்து மணிக்கு ஐந்தாம் நம்பரில் வைத்தால்தான் தூக்கம் வரும். விடியற்காலை மூன்று மணிக்கு அதே காற்று அத்தையின் முழங்காலைப் பிடித்துக்கொள்ளும்.

போன ஐப்பசியில் ஒரு நாள் நடுநிசியில் மழை பிடித்துக்கொண்டது. குளிர் தாங்காமல் அத்தை எழுந்து, இருட்டில் தடவிக்கொண்டே போயிருக்கிறார். 'தடால்' என்று சத்தம் கேட்டு ஓடிவந்தோம். டீப்பாய் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் அத்தை, வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு.

"என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா, அத்தை?"

"நீ ஆபீஸிலிருந்து வந்து படுத்ததே பன்னிரண்டு மணி. ஒரு விசிறிக்காக எழுப்புவாங்களாம்மா?"

ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் விசிறி உத்தியோகம் என்னுடையது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: முதல் வாரம் அன்போடு எழுந்தேன், மூன்றாவது வாரம் கடமைக்காக எழுந்தேன், ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள் 'உஸ்' என்று பெருமூச்சு விட்டுவிட்டேன். அதற்கப்புறம் அத்தை கூப்பிடவே இல்லை. காலையில் பார்த்தால் போர்வைக்கு மேல் போர்வை, அதற்கும் மேல் மாமனாரின் பழைய சால்வை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"புதுசாக வாங்கிவிடலாம். இப்போதைய பி.எல்.டி.சி. விசிறிக்கு ரிமோட் கூடவே வருகிறது. பழசு 75 வாட் குடிக்கிற இடத்தில் அது 30 வாட்டோடு நிறுத்திக்கொள்ளும்" என்றார் என் கணவர். கணக்கு சரிதான். ஆனால் அத்தை நிமிர்ந்து விசிறியைப் பார்த்த பார்வையில் கணக்கு அடிபட்டுப் போயிற்று!

பழைய விசிறிக்கே ரிமோட் பொருத்தலாம் என்று சொன்னவன் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் பையன். நாலைந்து தீப்பெட்டிகளைச் சேர்த்து வைத்த அளவில் ஒரு பெட்டி கொண்டு வந்தான். விசிறித் தண்டின் உச்சியில் கவிழ்த்த கிண்ணம் ஒன்று இருக்கிறதல்லவா, அதற்குள் அது அடங்கிவிட்டது. மின்சாரம் வரும் இரண்டு கம்பிகள் பெட்டிக்குள் போகின்றன. அங்கிருந்து இரண்டு கம்பிகள் விசிறிக்குப் போகின்றன. சிறு கண் ஒன்று மட்டும் வெளியே எட்டிப் பார்க்கிறது. டி.வி. ரிமோட்டைப் போலவே கண்ணுக்குத் தெரியாத ஒளிதான் இதிலும். ரேடியோ அலையில் இயங்குகிற ரகமும் உண்டு. அதைப் போர்வைக்குள்ளிருந்தபடியே அழுத்தலாம்.

வேலை தொடங்குமுன் அவன் மெயினையே அணைத்தான். "ஸ்விச்சை அணைத்தால் போதாதா?" என்றேன், அடுப்பில் மிக்ஸி வேலை பாக்கியிருந்த அவசரத்தில். "பழைய வீடுக்கா. ஒயரை மாத்திக் கொடுத்திருந்தா, ஸ்விச் அணைஞ்சிருந்தாலும் மேலே கரண்ட் இருக்கும்" என்றான். டெஸ்டரை வைத்துப் பார்த்த பிறகுதான் கம்பியைத் தொட்டான்.

அடுத்து ரெகுலேட்டரைக் கழற்றினான். இரண்டும் இருந்தால் விசிறி உறுமும், புதுப் பெட்டியும் கெட்டுவிடுமாம். ஒரே குழம்புக்கு மாமியாரும் மருமகளும் தனித்தனியே உப்புப் போட்ட கதைதான்! தொட்டால் சுடும் அந்தப் பழைய பெட்டி, நாம் காற்றைக் குறைக்கும்போதெல்லாம் மின்சாரத்தில் ஒரு பங்கைச் சூடாக்கி வீணடித்துக்கொண்டிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது.

கூரை மின்விசிறியை 1880-களில் அமெரிக்காவில் உருவாக்கிய பிலிப் டீல், தையல் மிஷினுக்கு மோட்டார் செய்தவர் என்று அத்தையிடம் சொன்னேன். "தையல் மிஷின்காரரா? அதான் இத்தனை வருஷம் உழைக்குது" என்றார், பெருமையோடு.

எல்லாம் முடிந்தது, ஆனால் முதல் இரண்டு ராத்திரியும் ரிமோட் வேலை செய்யவில்லை. சுவர் ஸ்விச்சு எப்போதும் போட்டபடியே இருக்க வேண்டும். ஹாலை விட்டுப் போகும்போது ஸ்விச்சை அணைப்பதோ எங்கள் குடும்பப் பழக்கம். அதைக் கற்றுக்கொடுத்தவரே அத்தை! கடைசியில் என் பையன் "தொடாதே - பாட்டி" என்று எழுதி ஸ்விச்சுக்கு மேல் ஒட்டினான்.

வாங்கப் போகிறவர்கள் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: மின்சாரம் போய்த் திரும்பினால் பழைய வேகம் நினைவிருக்குமா? சில பெட்டிகளுக்கு இருக்கும். சில அப்படியே நின்றுவிடும். இரண்டு மணி நேரத்தில் தானாக அணைகிற பித்தானும் உண்டு. அத்தைக்கு அது பிடிக்கவில்லை. "சொல்லாமல் கொள்ளாமல் போறது என்ன பழக்கம்?" என்கிறார்.

ரிமோட்டுக்கு ஒரு கயிறு கட்டித் தலையணைக்கடியில் வைத்திருக்கிறார். பேரன் கேட்டால்கூடக் கிடையாது. முந்தாநாள் மூன்று மணிக்கு எனக்கு விழிப்பு வந்தது. வெளியே மழை. ஹாலில் விசிறி சத்தம் மெள்ளத் தணிந்தது. நான் எழுந்து போய் எட்டிப் பார்த்தேன்.

"நீ ஏம்மா எழுந்தே? போய்ப் படு" என்றார் அத்தை, இருட்டிலிருந்து. நான் திரும்பியதும் மறுபடியும் கூப்பிட்டார்.

"ஏம்மா, அந்த ட்யூப் லைட்டுக்கும் இது மாதிரி ஒண்ணு உண்டா?"