விளக்கின் விலை

கடையில் விளக்கு வாங்குவோர் அதன் விலையை வினவுவர். எரியும் நாளெல்லாம் அஃது உண்ணும் உணவின் விலையை வினவுவார் மிகச் சிலரே. நம் முன்னோர் அத்தகையரல்லர். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளை நோக்குமின். முதலாம் இராசராசன் எடுப்பித்த அக்கோயிலில் ஒரு திருவிளக்கு எரிதற்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வேண்டும். அதன்பொருட்டு 96 ஆடுகளோ, 48 பசுக்களோ, 16 எருமைகளோ இடையரிடம் ஒப்படைக்கப்பெற்றன. மூத்தவை இறப்பினும் இளையவை பிறத்தலால் மந்தையின் எண்ணிக்கை குன்றாது; ஆதலின் ‘சாவா மூவாப் பேராடு’ என அவற்றைக் கல்வெட்டுகள் வழங்கின. விளக்கு ஒன்று, அதன் பின்னே நிற்கும் ஆடுகளோ 96!

யான் ஓய்வுபெற்று வாழும் நெய்வேலியில் விளக்கின் நெய் மண்ணுக்கடியில் கிடக்கிறது. 1957ஆம் ஆண்டில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. 1962இல் மின்சாரம் பிறந்தது. அந்த முதல் அனல்மின் நிலையம் 2020இல் ஓய்வுபெற, இன்று பிற நிலையங்கள் இயங்குகின்றன. ஓர் அலகு மின்சாரத்திற்கு ஏறத்தாழ ஒரு கிலோ நிலக்கரி எரிதல் வேண்டும். அதனை எடுக்கவோ, அதனினும் பன்மடங்கு மண்ணை அகழ்தல் வேண்டும். கீழிருந்து உந்தும் நீரை அல்லும் பகலும் இறைத்தல் வேண்டும். அகழப்படும் அம்மண் முன்பு நெல்லும் முந்திரியும் விளைந்த சிற்றூர்களின் மண்.

இந்நகரியத்துத் துணிக்கடை உரிமையாளர் ஒருவர் என் பழைய மாணவர். அவர் கடைக் கூடத்தில் 12 பழைய குழல்விளக்குகள் நாளுக்குப் பதினொரு மணிநேரம் எரிந்தன. புதியவற்றை மாட்டலாமே என்றேன்.

“இவை நன்றாகத்தானே எரிகின்றன, ஐயா! புதியன வாங்கினால் வீண் செலவன்றோ?” என்றார்.

தாளும் எழுதுகோலும் கொணரச் சொன்னேன். பழைய விளக்கு ஒன்று, ‘சோக்கு’ எனும் கம்பிச்சுருள் கொள்வதையும் சேர்த்து, ஏறத்தாழ 50 வாட் கொள்ளும். எல்.இ.டி. விளக்கு ஏறக்குறைய அதே ஒளிக்கு 20 வாட் கொள்ளும். ஆண்டிற்கு 4,000 மணிநேரம் எரிந்தால் முன்னதற்கு 200 அலகு, பின்னதற்கு 80. பன்னிரண்டு விளக்குகளில் மிஞ்சுவது 1,440 அலகு. அலகுக்கு எட்டு ரூபாய் என்று கொள்ளினும் 11,520 ரூபாய்! புதிய விளக்கு ஒன்றின் விலையோ சில நூறு ரூபாயே. எரியாது விடப்படும் நிலக்கரி ஏறத்தாழ ஒன்றரை டன் என்பதையும் தாளின் ஓரத்தில் எழுதினேன். அவர் அவ்வெண்ணையே நெடுநேரம் நோக்கியிருந்தார். அவர்தம் தந்தையாரின் நிலமும் சுரங்கத்திற்குச் சென்றது.

“அவ்வாறாயின் கிடங்கு அறை விளக்கையும் மாற்றிவிடுவோம்” என்றார்.

வேண்டாவென்றேன். நாளுக்கு அரைமணி எரியும் விளக்கை மாற்றினால் ஆண்டிற்கு ஐந்தாறு அலகே மிஞ்சும். அது பழுதாகும்போது மாற்றிக்கொள்ளலாம். எரியும் நேரத்தைக் கணக்கிடாது எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுவதும் ஒருவகை ஊதாரித்தனமே என்பது என் கருத்து.

புதிய விளக்குகள் வந்த பின்னர், வாயிலை அடுத்த இரண்டைப் பகலில் அணைத்தே வைக்கிறார். புடவையின் நிறம் பார்க்க விரும்பும் மகளிர் அதனை எப்போதும் வாயிலின் வெயிலுக்கன்றோ எடுத்து வருகின்றனர்!