நாலு மூலையிலும் பூ வைத்தால்தான் விரிப்பு முடியும்! எல்லாபுரா காட்டில் குழந்தைகளுக்காகத் தைக்கும் ‘கவந்தி’

கர்நாடகத்தின் ஹூப்ளியிலிருந்து அங்கோலா போகும் நெடுஞ்சாலையில் சுமார் 70 கிலோமீட்டர் பயணித்தால் எல்லாபுரா வரும். சமவெளி முடிந்து, மேற்குத் தொடர்ச்சி மலைக்காடு நம்மைச் சூழ்ந்துகொள்ளும் இடம் இது. மாகோடு, சாத்தோடி அருவிகளைப் பார்க்கத்தான் பலரும் இங்கே வருகிறார்கள். ஆனால் இந்தக் காட்டுக் குடியிருப்புகளில் இன்னொரு அழகும் இருக்கிறது. துண்டுத் துணிகளைச் சேர்த்துக் கையாலேயே தைத்த வண்ண விரிப்புகள். பெயர், கவந்தி. தைப்பவர்கள், சித்தி இனப் பெண்கள்.

யார் இந்த சித்திகள்?

இவர்களின் முன்னோர் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவர்கள். போர்த்துக்கீசியர்கள் பலரை அடிமைகளாக கோவாவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து தப்பியவர்களும் விடுதலை பெற்றவர்களும் இந்தக் காடுகளில் குடியேறினார்கள். இன்று எல்லாபுரா, ஹளியாள், முண்டகோடு தாலுகாக்களில் வாழ்கிறார்கள். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என மூன்று மதத்தினரும் இவர்களில் உண்டு. உத்தர கன்னட மாவட்ட சித்திகள் 2003-ல் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள்.

ஓரத்தில் தொடங்கி நடுவில் முடியும்

கவந்திக்கு அடித்துணி, பெரும்பாலும் ஒரு பழைய சேலை. அதன்மேல் கிழிந்த சட்டை, பாவாடை, ரவிக்கை என வீட்டில் உள்ள துணிகளை வெட்டி வைக்கிறார்கள். ஒரு மூலையில் ஊசியைக் குத்தினால், ஓரமாகவே சுற்றிச் சுற்றி வந்து நடுவில்தான் தையல் முடியும். துண்டின் ஓரத்தை மடித்து, எல்லா அடுக்குகளையும் சேர்த்து ஓட்டுத் தையல் போடுகிறார்கள். இந்தத் தையல் துணிகளைப் பிணைக்கிறது. விரிப்பு முழுக்க வரி வரியாக ஓடி அதுவே அலங்காரமாகவும் ஆகிறது. முன்கூட்டி வரைந்த டிசைன் கிடையாது. கையில் கிடைக்கும் துணியின் நிறத்தைப் பார்த்து அடுத்த துண்டை முடிவு செய்கிறார்கள். கிறிஸ்தவர் வீட்டுக் கவந்தியில் சிலுவையையும், முஸ்லிம் வீட்டுக் கவந்தியில் பிறையையும் பார்க்கலாம்.

குழந்தைக்கான கவந்தி அளவில் சிறியது, வேலையோ அதிகம். பளிச்சென்ற நிறங்களில் குட்டிக் குட்டித் துண்டுகளை நிறைய வைத்துத் தைப்பார்கள். பலமுறை துவைத்த பருத்தி, குழந்தையின் தோலை உறுத்தாது. மழைக்கால ஈரத்திலும் குளிரிலும் கீழே விரிக்கவும் மேலே போர்த்தவும் அதே கவந்திதான். பாட்டியின் பழைய சேலையில் தூளி கட்டிய நம் வீடுகளுக்கு இது புதிதல்ல.

கடைசியில் நான்கு மூலைகளிலும் துணியை மடித்து முக்கோணமாக வைத்துத் தைப்பார்கள். அதற்குப் பெயர் ‘ஃபுலா’. பூ என்று அர்த்தம். அது இல்லாவிட்டால் எவ்வளவு அழகாகத் தைத்திருந்தாலும் கவந்தி முழுமை பெற்றதாகக் கருத மாட்டார்கள்.

விலையும் மதிப்பும்

அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் ஹென்றி ஜான் ட்ரூவல் இந்த விரிப்புகளை ஆய்வு செய்து, வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்குக் கொண்டுசென்றார். சித்தி பெண்களின் தையல் கூட்டுறவு அமைப்பு ஒன்றும் உருவானது. வீட்டுக்காகத் தைத்த பொருள், கைக்கு வருமானம் தரும் பொருளாகவும் ஆனது.

இங்கேதான் நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மூலப்பொருள் பழந்துணி என்பதால் விலையும் மலிவாக இருக்க வேண்டும் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் நாம் விலை கொடுப்பது துணிக்கு அல்ல. வீட்டுவேலை, காட்டுவேலை, வயல்வேலைக்கு நடுவே நாள்கணக்கில் ஊசி பிடித்த கைக்கு. மெஷினில் தைத்த போர்வையின் விலையோடு இதை ஒப்பிட்டுப் பேரம் பேசுவது நியாயமில்லை.

போகிறவர்களுக்கு...

மழை ஓய்ந்த அக்டோபர் முதல் பிப்ரவரி வரை போகலாம். ஹூப்ளி வரை ரயில், அங்கிருந்து பஸ். குடியிருப்புகளுக்குள் உள்ளூர்க்காரர் ஒருவரோடு செல்லுங்கள். கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். நிறத்தையும் முடியையும் வேடிக்கை பார்க்கப்படும் வலியை இவர்கள் போதுமான அளவு அனுபவித்துவிட்டார்கள்.

போக முடியாதவர்கள் வீட்டிலேயே ஒன்று முயலலாம். குழந்தையின் கட்டிலைவிடச் சற்றுப் பெரிதாக அடித்துணி வெட்டுங்கள். தாத்தா வேட்டி, அம்மா சுடிதார், குழந்தைக்குச் சின்னதாகிப்போன சட்டை எல்லாம் எடுக்கலாம். பட்டன், ஜிகினாவை மட்டும் நீக்கிவிடுங்கள். ஓரத்திலிருந்து தைத்து வாருங்கள். முடிந்ததும் நாலு மூலையிலும் ஃபுலா வைக்க மறக்காதீர்கள்!