பெருக்க விதியும் ஓர் இடியப்பக் கணக்கும்

கலைப்பீட மாணவன் ஒருவன் தமிழ்ச் சங்க ஏட்டிற்கு நுண்கணிதத்தைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். உயர்தரத்திற் கலைத்துறையைத் தெரிந்த அன்றே கணிதத்திடமிருந்து விடுதலை பெற்றுவிட்டதாக நானும் எண்ணியிருந்தேன். பொருளியலைப் பாடமாக எடுத்ததன் பயனாக அது இரண்டாம் ஆண்டில் மீண்டும் என்னை வந்தடைந்தது. சிறப்புக் கற்கைக்குத் தெரிவாவதும் அப்பாடத்திற் பெறும் புள்ளியிலேயே தங்கியிருந்தது.

இடைப் பரீட்சையில் வந்த வினா இது: ஒரு பொருளின் விலையை 'வி' எனக் கொண்டால், விற்பனையாகும் அளவு √(12 − வி), ஆகவே வருமானம் வி√(12 − வி). இதனை வகையிட்டு, வருமானம் உயர்வாகும் விலையைக் காண்க. வர்க்கமூலக் குறியைக் கண்டதும் கை நடுங்கியது உண்மை. ஆயினும், வர்க்கமூலம் என்பது அரை என்னுஞ் சுட்டியே என்பதை நினைவுகூர்ந்து, அடைப்புக்குள் இருந்த மறைக் குறியையுந் தவறவிடாது, அப்பகுதியின் பெறுதியை −1/(2√(12 − வி)) எனச் சரியாகவே கண்டேன். மற்றைய காரணியாகிய 'வி' யின் பெறுதி 1. இரண்டையும் பெருக்கி விடையென எழுதிவிட்டு நிம்மதியாக வெளியேறினேன்.

அஞ்சிய இடத்தை எவ்வாறோ தாண்டி, அச்சமே தோன்றாத இடத்தில் விழுந்திருந்தேன். என் விடை எப்போதும் மறைப் பெறுமானமே உடையது. விலை ஏற ஏற வருமானம் குறைந்துகொண்டே செல்லும் என்பது அதன் பொருள். விலை 3 ஆயின் வருமானம் 9. விலை 8 ஆயின் 16. விலை 11 ஆயின் 11. ஒரு நிமிடம் இவற்றைப் போட்டுப் பார்த்திருந்தாற் போதும். பார்க்கவில்லை. பத்துக்கு இரண்டு புள்ளி கிடைத்தது.

பின்னர் நூலகத்திற் கணித வரலாற்று நூலொன்றைப் புரட்டியபோது ஓர் ஆறுதல் கிட்டியது. நுண்கணிதத்தை ஆக்கியோருள் ஒருவரான லைப்னிற்ஸ், 1675 நவம்பரிற் பாரிசில் எழுதிய குறிப்பொன்றில், பெருக்கத்தின் வகையீடு வகையீடுகளின் பெருக்கம் ஆகுமா என்று தம்மையே வினவியிருக்கிறார். ஆகாது என்பதை அவர் உடனேயே கண்டுகொண்டார். அவ்வளவே எனக்கும் அவருக்குமுள்ள வேறுபாடு! அவரும் சட்டத்திற் பட்டம் பெற்றவர் என்பதைக் கலைப்பீடத்து நண்பர்கள் கவனிப்பார்களாக. 1677 இற் சரியான விதி அவரது குறிப்புகளில் இடம்பெறுகின்றது. 1684 இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் நீண்ட தலைப்பே, பின்னங்களும் விகிதமுறாக் கணியங்களும் இம்முறைக்குத் தடையாகா என்று பறைசாற்றுகின்றது. என்னை நடுங்கவைத்த வர்க்கமூலங்கள் அந்த விகிதமுறாக் கணியங்களைச் சேர்ந்தவையே.

விதியை மனனஞ் செய்துகொண்டேனாயினும், அதன் காரணம் விளங்கியது விடுமுறைக்கு வீடு சென்றபோதுதான். என் தாயார் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். 2022 இற் கோதுமை மாவின் விலை ஏறியபோது, பதினைந்து ரூபாய் இடியப்பத்தைப் பதினேழாக்கினார். நாளொன்றுக்கு இருநூறு விற்றது நூற்றெண்பதாகக் குறைந்தது. 3000 ரூபாய் வருமானம் 3060 ஆயிற்று. இதனைப் பிரித்துப் பார்த்தேன். விலை ஏற்றத்தால், இருநூறுக்கும் இரண்டு ரூபாய்ப்படி 400 கூடவேண்டும். விற்பனை குறைந்ததால், இருபதுக்கும் பழைய விலைப்படி 300 போயிற்று. விற்காத அந்த இருபதுக்கும் இரண்டு ரூபாய் கூட்டிவிட்டோமாதலால் இன்னும் 40 கழியவேண்டும். மிகுதி 60.

பரீட்சையில் நான் பெருக்கி எழுதியது இந்த 40 ஐ ஒத்ததே! விலை இருபது சதமும் விற்பனை இரண்டுமாக மாறினால், 400 என்பது 40 ஆகும், 300 என்பது 30 ஆகும். ஆனால் 40 ரூபாயோ நாற்பது சதமாகச் சுருங்கிவிடும். மாற்றம் சிறுக்கச் சிறுக்க, கணக்கில் எடுக்கவே தேவையற்றுப் போவது அந்தத் துண்டுதான். அதை மட்டும் பொறுக்கி வைத்துக்கொண்டு முதலிரண்டையும் நான் எறிந்திருந்தேன்.

அன்றிரவு பழைய வினாவை மீண்டும் செய்தேன். ஒன்றை வகையிடும்போது மற்றதை அப்படியே விட்டு இரண்டையுங் கூட்ட, √(12 − வி) − வி/(2√(12 − வி)) வந்தது. இங்கே பலர் களைத்துவிடுவர். பொதுப் பகுதியெண் எடுத்தால் தொகுதியெண்ணில் வர்க்கமூலம் மறைந்து, (24 − 3வி)/(2√(12 − வி)) எனச் சுருங்கும். தொகுதியெண் பூச்சியமாவது விலை 8 ஆகும்போது. வி 12 ஆயின் பகுதியெண்ணே பூச்சியம். ஆங்குப் பெறுதி இல்லை.

மகிழ்ச்சி தாங்காமல் கொப்பியை அடுக்களைக்குக் கொண்டுபோய், எட்டு ரூபாய்க்கு விற்றால் வருமானம் உச்சம் என்று தாயாருக்கு விளக்கினேன். மாப்பிசைந்த கையோடு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி தம்பி, அந்தப் பன்னிரண்டை உனக்கு ஆர் சொன்னது?" என்றார்.

விரிவுரைக் குறிப்புகளில் அதற்கு விடை இருக்கவில்லை.